தண்ணி ஊசி

மறுபடியும் ஒரு துடிப்பு தப்பியது. சண்முகக்கனியின் வலது கை அவளைக் கேட்காமலேயே நெஞ்சுக்குப் போய்விட்டது. போன கையைப் பாதியில் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொள்வதற்குள் எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்த ஒருத்தி பார்த்துவிட்டாள். பார்த்தவள் பக்கத்திலிருந்தவளின் தொடையை இடித்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து இவளுக்காக உச்சுக் கொட்டினார்கள். பாவம், புருஷனோட அண்ணன் செத்ததுக்கு எப்படித் தவிக்கிறாள் பார். தவிக்கிறாளாம். கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை என்று காலையில் ஆட்டோவில் ஏறும்போதே முடிவு செய்துகொண்டு வந்தவள் அவள். ஒரு சொட்டு கிடையாது, ஒரு விசும்பல் கிடையாது, வந்தோமா உட்கார்ந்தோமா எடுத்தார்களா போனோமா. அந்த முடிவுக்கு இப்போது அவள் நெஞ்சே குழி பறிக்கிறது. இங்கே நெஞ்சில் கை வைத்தால் இரண்டே அர்த்தம்தான். ஒன்று, செத்தவருக்காகத் துடிக்கிறாள். இல்லாவிட்டால், அவர் உயிரோடு இருந்தவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாரே, அதே நடிப்பு. கை போன இடத்தில் நிஜமாகவே ஏதாவது கோளாறு இருக்கலாம் என்ற மூன்றாவது அர்த்தம் இந்த வீட்டில் ஒரு ஜீவனுக்கும் தோன்றியதில்லை, இனியும் தோன்றப்போவதில்லை. தோன்றவைத்திருக்க வேண்டிய ஆள் கண்ணாடி மூடிக்கு அடியில் மூக்கில் பஞ்சோடு படுத்துக்கிடக்கிறார்.

ஆவுடையப்பன். கனிக்குப் பெரியத்தான், தெருவுக்குக் கம்பவுண்டர். அவர் வேலை பார்த்த டாக்டர் எப்போதோ கண்ணை மூடி, அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை வந்துவிட்டது, ஆனாலும் இவர் கம்பவுண்டராகவேதான் இருந்தார். தெருவில் எந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும், எந்தக் கிழவிக்கு மூச்சு இழுத்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், கையைப் பிடித்துப் பார்ப்பார், மோட்டுவளையைப் பார்ப்பார், 'கேஸ்' என்பார், வெறும் வாயுத் தொல்லை என்று அர்த்தம். தலைவலி கேஸ், முதுகுவலி கேஸ், காது அடைத்தால் அதுவும் கேஸ். ரோஸ் நிறத்தில் ஒரு மிக்சர் கலந்து கொடுப்பார். அதில் பாதிப்பேர் தேறினார்கள், மீதிப்பேரைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் அவருக்கே நெஞ்சை அடைத்தபோதும் கேஸ் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த ரோஸ் மிக்சரைத் தானே கலந்து தானே குடித்துவிட்டுப் படுத்தவர் விடியும்போது எழுந்திருக்கவில்லை. இதைக் கேட்டபோது கனிக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டோவில், புருஷன் பக்கத்தில் குலுங்கிக் குலுங்கி அழும்போது, அவள் வெளிப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தாள். அந்தக் கடித்த பல்லோடுதான் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். தாடை வலிக்கிறது. தாடை வலித்தால் அது இருதயத்துக்கு அறிகுறி என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்து, உடனே தொண்டைக்குழிக்குள் மீன் ஒன்று புரண்டது போல அடுத்தது. ஒரு வெற்றிடம். அதற்கப்புறம் விலா எலும்புக்குள்ளிருந்து ஓங்கி ஒரு குத்து. பிணத்தை வைத்திருந்த குளிர்பெட்டியின் மோட்டார் அதே நேரத்தில் நின்றது. நின்றதா, நின்றுவிட்டதா, எது நின்றது. மோட்டார் ஒரு செருமலோடு மறுபடி ஓட ஆரம்பித்தது. அவளும் மூச்சு விட்டாள்.

நிற்கவில்லை, நிற்கிறதில்லை. டாக்டரம்மா அதைத்தானே சொன்னாள். திருநெல்வேலியில், போன வாரம், மகள் வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. கனி கொண்டுபோன கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைக் கூச்சமில்லாமல் பிரித்து ஒன்றைக் கடித்துக்கொண்டே, பேனாவால் மேஜையில் தட்டிக் காட்டினாள். டக், டக், டக். இது ஒழுங்கா அடிக்கிறது. டக், டக்டக். இப்போ ஒண்ணு முந்திக்கிட்டு வந்திருச்சு பாத்தீங்களா. முந்தினது உங்களுக்குத் தெரியாது, அதில் வேகம் இருக்காது. அது முந்திக்கிட்டதால அடுத்தது வர நேரமாகும். அந்த இடைவெளியைத்தான் நீங்க நின்னுபோச்சுன்னு நினைக்கிறீங்க. அந்த நேரத்தில் ரத்தம் கூடுதலா ரொம்பிக்கும், அதனால அதுக்கப்புறம் வர்றது ஓங்கி அடிக்கும். பேனா மேஜையில் ஓங்கி விழுந்தது. அவ்வளவுதானா என்று கனி கேட்டாள். அவ்வளவுதான். எக்கோ எடுத்தாயிற்று, ஒரு நாள் முழுக்க மெஷினை மாட்டிப் பார்த்தாயிற்று, உங்க இருதயத்தில் பழுது ஒன்றும் இல்லை, ஒழுங்காக இருக்கிற வீட்டில் எப்போதாவது ஒரு கதவு படபடக்கிற மாதிரி, மாத்திரைகூட வேண்டாம். பழுது இருக்கிறவங்களுக்கு இதே துடிப்பு வந்தால் அது வேறு கதை, சர்க்கரை, பிரஷர், நெஞ்சடைப்பு, மயக்கம் இருந்தால் உடனே பார்க்கணும். உங்களுக்கு அது இல்லை. காப்பியைக் குறையுங்கள், தூக்கத்தைக் கெடுக்காதீர்கள், பட்டினி போடாதீர்கள், தண்ணீர் குடியுங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பதை விடுங்கள். வந்தால் மூச்சை மெல்ல இழுத்து அதைவிட மெல்ல விடுங்கள், வந்த மாதிரியே போய்விடும். இந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து டாக்டரம்மா வேண்டாம் என்றதெல்லாம்தான் நடக்கிறது. விடியலில் வந்த போனோடு தூக்கம் போயிற்று. சாவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், காலையிலிருந்து ஒரு வாய் சோறு கிடையாது. ஆனால் அடுத்த வீட்டிலிருந்து கருப்பட்டி போட்ட கடுங்காப்பி மட்டும் தூக்குச்சட்டி தூக்குச்சட்டியாக வந்துகொண்டே இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் துக்கத்தில் சாப்பிடவில்லை என்று வாய்க்குள் ஊற்றிவிடுவார்கள் போலிருந்தது. இரண்டு டம்ளரை வாங்கி, வேறு வழியில்லாமல் குடித்தாள். கையோ, முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருக்கிறது.

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதுதான் அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எக்டோபிக். திரும்பி வரும்போது கயத்தாறு தாண்டும்வரை பஸ்ஸில் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நாக்கில் புரளாத சொல், ஆனாலும் சொந்தச் சொல். நேராகப் பெரியத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், அவர் அந்தப் பிரம்பு நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், முன்னால் இசிஜி தாளை விரித்து வைக்க வேண்டும், இதோ பாருங்க அத்தான், வரிசையா வருதுல்லா, இந்த இடத்தில் தப்புது பாருங்க, இதுக்குப் பேரு எக்டோபிக், உங்க கம்பவுண்டர் படிப்பில் இது வரலியா. குரலை உயர்த்தாமல், சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். எத்தனையோ வருஷமாக மனசுக்குள் எழுதிப் பார்த்த நாடகம் அது, வசனமெல்லாம் தயார். இவள் புருஷன் சங்கரமூர்த்திதான் கெடுத்தான். இப்போ வேண்டாம் கனி, அண்ணனுக்கு ரெண்டு நாளாக் கேஸ் தொந்தரவாம், முகமே சரியில்லை, கொஞ்சம் தேறட்டும், அப்புறம் காட்டிக்கோ. தேறட்டும் என்று விட்டதில் ஆள் ஓடியே போய்விட்டான். ஓடிப்போய்விட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவர் என்று நினைத்தே பழகிய மனசு முதன்முதலாக அவன் என்றது, சொல்லிவிட்டு யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்தது. இனிமேல் யாரிடம் அந்தத் தாளைக் காட்டுவது. ஊரெல்லாம் காட்டலாம், யாருக்கு வேண்டும். நீ சொன்னது நிஜந்தான் என்று அவன் வாயால் வந்திருக்க வேண்டும். அந்த வாயை வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

இதே ஹால்தான், இதே பீரோ ஓரம்தான். அப்போது எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பெரியத்தான் மகளுக்குச் சடங்கு, பந்தல் போட்டு வீடு கொள்ளாத ஜனம். விடியக்காலையிலிருந்து வேலைக்கு நின்ற கனிக்குப் பந்திக்கு இலை போடும்போது அது ஆரம்பித்தது. ஒன்று தப்பும், இரண்டு அடிக்கும், மறுபடி தப்பும். தப்பித் தப்பி, கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. இலைக்கட்டோடு பீரோ ஓரம் சரிந்து உட்கார்ந்தவள், செத்துக்கொண்டிருக்கிறேன், கைக்குழந்தை தொட்டிலில் கிடக்கிறது, அதற்கு யார் பால் கொடுப்பார்கள் என்று நினைத்தாள். கூட்டம் கூடிவிட்டது. பெரியத்தான் வந்தார், ஆட்களை விலக்கினார், சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். விரல் மூன்றும் மணிக்கட்டில் இருந்தன, கண் மோட்டுவளையில் இருந்தது. ஒன்று தப்பியது. அந்த நேரத்தில் நடுவிரல் இன்னும் கொஞ்சம் அழுத்தியது. இதில்தான் கனிக்கு எப்போதும் முடிச்சு விழும். ஏன் அழுத்தியது. துடிப்பைத் தவறவிட்டவன்தானே அழுத்தித் தேடுவான். அடுத்ததும் தப்பியது. விரல் இன்னும் அழுத்தியது. மோட்டுவளையிலிருந்து கண்ணை இறக்கி அவளை ஒரு பார்வை பார்த்தார். பயந்தவன் பார்க்கிற பார்வை மாதிரி இருந்தது அது. ஆனால் கம்பவுண்டர் எதற்குப் பயப்படப் போகிறார், பயந்தது நான்தான், என் பயத்தை அவர் முகத்தில் பார்த்திருப்பேன். கையைச் சட்டென்று விட்டார். பையைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடிக் குப்பியின் கழுத்தை முறித்து மருந்தை இழுத்து ஊசி போட்டார். அவர் பெண்டாட்டி கோமதியக்காதான் கனியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் துடிப்பு தானாக அடங்கியது. வந்த மாதிரியே போய்விடும் என்று அன்றைக்குச் சொல்ல ஒரு டாக்டரம்மா இல்லை. சரியாப் போச்சு அத்தான், நல்லாயிருப்பீக, என்று கனி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் அவர் அந்தக் காலிக் குப்பியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"தண்ணி. வெறும் தண்ணி ஊசி. இதுக்கே சரியாப் போச்சுன்னா என்ன நோயின்னு நீங்களே சொல்லுங்கப்பா."

பந்தல் வரைக்கும் சிரிப்புப் பரவியது. தோளைப் பிடித்திருந்த கோமதியக்காவின் சிரிப்பு கையின் வழியாகக் கனியின் உடம்பிலேயே குலுங்கியது. சங்கரமூர்த்திகூட, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தான்; பார்த்தாள் அவள், அதை அவனிடம் சொல்லிக் காட்டியதில்லை, மறந்ததும் இல்லை. அன்றைக்கு வந்த பெயர்தான் தண்ணி ஊசி. கல்யாண வீட்டில் வேலை அதிகமா, என்ன தண்ணி ஊசி, ஒண்ணு போட்டுக்கிறியா. பிள்ளை காலேஜுக்குப் போகிறதென்று கண் கலங்கினாளா, கம்பவுண்டரக் கூப்பிடு. சின்னப் பிள்ளைகள் முதற்கொண்டு சொல்லும். அதற்கப்புறம் அவள் அதை மறைக்கக் கற்றுக்கொண்டாள். வரும்போது எழுந்து போய்க் கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற மாதிரி தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கூட்டத்தில் வந்தால் இருமுவாள். தூங்கப் போகும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுப்பாள், காலையில் இருப்போமோ மாட்டோமோ. கழுகுமலைக் கோயிலுக்கு எல்லோரும் போனால் காலில் ஆணி என்று சொல்லி வேனிலேயே இருந்துவிடுவாள். இருதயம் நன்றாக இருந்தும் இருதயக்காரி மாதிரி பாதி ஆயுசு போய்விட்டது, ஒரு குப்பித் தண்ணீரால். மோட்டார் மறுபடி நின்றது. அவள் நெஞ்சு ஒன்றைத் தவறவிட்டு ஓங்கிக் குத்தியது. செத்தும் விடமாட்டேன் என்கிறாயே என்று பெட்டியைப் பார்த்து மனசுக்குள் வைதாள். கண்ணாடிக்குள் அவன் முகம் ஒன்றுக்கும் அசையாமல், கேஸ் என்று சொல்லப்போகிற மாதிரியே இருந்தது.

ஹாலில் இன்னொரு கவலை ஓடிக்கொண்டிருந்தது. கோமதியக்கா அழவில்லை. காலையில் பார்த்ததிலிருந்து இப்போது வரை பெட்டியின் தலைமாட்டில், முதுகைச் சுவரில் கொடுத்து, கண்ணை ஒரே இடத்தில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பூனாவிலிருந்து மகன் வருகிறான், விமானத்தில் மதுரை வந்து காரில் சாத்தூர் தாண்டிவிட்டான், அவன் வந்ததும் எடுத்துவிடுவார்கள், அதற்குள் இவள் அழுதாக வேண்டும். கட்டினவள் அழாமல் மற்றவர்கள் எவ்வளவுதான் ஒப்பாரி வைப்பது. எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த கயத்தாற்றுப் பெரியம்மை இசக்கியம்மைக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். செத்தவரின் மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து கோமதியக்காவின் கையில் வைத்தாள். அவள் அதை மடக்கிக் கீழே வைத்தாள். மகன் பெயரைச் சொன்னாள், பேரன் பெயரைச் சொன்னாள், இனிமே யாரு ஒனக்குப் பூ வாங்கியாருவா என்றாள். ஒருத்தி அவளுடைய புஜத்தைக் கிள்ளக்கூடச் செய்தாள். ஒன்றுக்கும் அசையவில்லை. நெஞ்சுக்குள்ளேயே கட்டிக்கிட்டா கோட்டி புடிச்சிரும், பாத்துக்கோங்க என்று இசக்கியம்மை எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, கடைசியில் கண்ணைக் கனியின் மேல் கொண்டுவந்து நிறுத்தினாள். ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கினவள் நீ, போ, பக்கத்தில் உட்காரு, உன்னைக் கட்டிக்கிட்டாவது அழுவாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். கனி அசையாமல் இருந்து பார்த்தாள். காலையிலிருந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தவிக்கிற புண்ணியவதி அல்லவா, விடுவார்களா. எழுந்தாள். எழுந்த வேகத்துக்கு இரண்டு சேர்ந்தாற்போல் தப்பியது, ஒரு நிமிஷம் ஹால் வெளுத்தது. மெல்ல இழு, அதைவிட மெல்ல விடு. பீரோவைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள், விட்டாள். ஊதுவத்திப் புகைதான் உள்ளே போயிற்று. இந்தப் பொம்பளையைக் கட்டிக்கொண்டு நான் அழ வேண்டுமாம். என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த கை அது.

போய் உட்கார்ந்தாள். கோமதியக்கா மேல் படாமல், ஒரு சாண் விட்டு. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மூக்குக்கண்ணாடி கிடந்தது. பெட்டியின் குளிர் கால் விரலில் தெரிந்தது. இங்கே மோட்டார்ச் சத்தம் இன்னும் கூடுதல், யார் பேசினாலும் சுற்றியிருப்பவர்களுக்குக் கேட்காது. கனி முந்தானைக்குள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். ஒன்று, ஒன்று, ஒன்று, வெற்றிடம், குத்து. இதற்கும் ஆபத்தில்லை, இதற்கும் ஆபத்தில்லை. டாக்டரம்மா பொய் சொல்லியிருந்தால்? அவள் எதற்குப் பொய் சொல்லப் போகிறாள். மெஷின் தவறியிருந்தால்? இந்த வீட்டில் சேர்ந்தாற்போல் இரண்டு பிணம் விழுந்தால் இசக்கியம்மைக்குத் தொண்டை போதாது. அந்த நினைப்புக்கு அவளுக்கே சிரிப்பு வர, உதட்டை மடித்துக்கொண்டாள். கோமதியக்கா திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. முகத்தை அல்ல, முந்தானைக்குள் கை இருக்கும் இடத்தை. சுவரிலிருந்து முதுகை எடுக்காமல், உதடு அசைவதே தெரியாமல் அவள் பேசினாள்.

"இப்பவும் தப்புதா?"

கனி முந்தானையை இன்னும் இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். தப்புதா என்று கேட்டாள். படபடப்பா என்று கேட்கவில்லை, நெஞ்சு வலியா என்று கேட்கவில்லை. தப்புகிறது என்பது கனி தனக்குள் மட்டும் வைத்திருக்கிற சொல், புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. இது எப்படி இவளுக்குத் தெரியும்.

"அவுகளும் ராத்திரியில அப்பிடித்தான் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாக. தப்புது கோமதி, தப்புதுன்னு சொல்லுவாக. நான் எந்திரிச்சு வெளக்கப் போடுவேன்."

கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடியேதான் சொன்னாள். ரொம்ப காலமாகவாம். கல்யாணமான புதிதிலேயே உண்டாம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாராம். கனியின் கையைப் பிடித்துப் பார்த்த அந்தச் சடங்கு நாளில், பந்தியெல்லாம் முடிந்து ஜனம் கலைந்தபிறகு, மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துகொண்டு கீழே இறங்கவே மாட்டேன் என்றாராம். எனக்கு இருக்கிறதுதான் அவளுக்கும் இருக்கு, அச்சு அசலா அதே தாளம், நான் விரல்ல பாத்தேன் என்று சொல்லி அழுதாராம். அழுதாராம், இந்த மனுஷன். அந்த நடுவிரல். அது அழுத்தியது. அழுத்தித் தேடியது, கண்டுபிடித்தது, அது தன்னுடையதுதான் என்று அடையாளமும் கண்டுகொண்டது. அந்தப் பார்வை என் பயம் இல்லை, அவன் பயந்தான். பயந்த கையோடு பையைத் திறந்து, எது மருந்து எது தண்ணீர் என்று பார்த்து, தண்ணீரையே எடுத்து ஏற்றினான். என்னுடையதைச் சிரிப்பாக்கிவிட்டால் தன்னுடையதும் சிரிப்பாகப் போய்விடும் என்று நினைத்திருப்பானோ. தெரியாமல் சொன்னான், படிக்காதவன், அகங்காரம் பிடித்தவன் என்றுதான் இத்தனை நாள் வைதது. தெரிந்தே சொல்லியிருக்கிறான். வசனமெல்லாம் வீண். இசிஜி தாளை விரித்திருந்தால் அவன் அதை என்னைவிட நன்றாகப் படித்திருப்பான். கோமதியக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போகச் சொல்லி அவள் காலில் விழாத குறைதானாம். தெரு பூரா என் மருந்தை நம்பிக் குடிக்கு, நான் போய் ஒருத்தன் முன்னால சட்டையைக் கழட்டவா என்று மறுத்துவிட்டாராம். போன வாரம் நெஞ்சு அடைக்கிறது என்றபோதுகூட ஆட்டோவைக் கூப்பிடப் போனவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாராம்.

கனியின் நெஞ்சு இப்போது நாலைந்தை வரிசையாக உருட்டிவிட்டது. ஆத்திரத்தோடு ஆத்திரமாகப் பயமும் ஏறியது. அதே தாளம் என்றானாமே. அச்சு அசல் அதே என்றானாமே. அந்தத் தாளம்தானே அவனைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் படுக்கவைத்திருக்கிறது. எனக்கும் இதே பெட்டிதானா, இதே பஞ்சா. இல்லை, உங்களுக்குப் பழுது இல்லை, பழுது இருக்கிறவங்களுக்கு வேறு கதை. அவனுக்குச் சர்க்கரை, அவனுக்கு ஓயாத சிகரெட், ஒரு வாரம் நெஞ்சடைப்பு, அவன் கதை வேறு, என் கதை வேறு. வேறா. வேறுதான். மெல்ல இழு. விடு. கோமதியக்காவின் கை ஒரு சாணைத் தாண்டி வந்து அவள் முழங்கையைப் பிடித்தது. குளிர்ந்து கிடந்தது அந்தக் கை. முதல் தடவையாகப் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள்.

"நீ திருநெல்வேலிக்குப் போயிக் காட்டினேன்னு தம்பி சொன்னாக. ஒனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாகளாமே. அந்த டாக்டருகிட்டயே இவுகளையும் இழுத்துட்டுப் போயிருந்தா இருந்திருப்பாகளா கனி? மறைக்காமச் சொல்லு."

அதற்கு என்ன பதில் என்பது கனிக்குத் தெரியும். தெரியாது என்பதுதான் பதில். எந்த டாக்டராலும் அதை இப்போது சொல்ல முடியாது. தாளம் தப்பியதாலா, அடைப்பாலா, இரண்டுமா, இரண்டும் இல்லையா என்று யார் கண்டது. ஆறுதலும் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லக்கா, அவுக ஆயுசு அவ்வளவுதான், நீங்க என்ன செய்வீக. சாவு வீட்டில் யாரும் யாருக்கும் சொல்கிற வார்த்தை, செலவில்லாத வார்த்தை. கோமதியக்கா சிறுபிள்ளை மாதிரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியத்தைக் காப்பாற்றிக் காப்பாற்றிப் புருஷனைச் சாகக் கொடுத்தவள். விளக்கைப் போட்டுப் பார்த்தவள். தெரிந்துகொண்டே சிரித்தவள். அன்றைக்கு என் தோளைப் பிடித்திருந்தபோது இவளுக்கும் தெரியாதா? ராத்திரிதான் சொன்னாராம். சரி, ராத்திரியிலிருந்து தெரியுமே. அதற்கப்புறம் எத்தனை கல்யாண வீடு, எத்தனை தண்ணி ஊசி, ஒரு நாளாவது வாயைத் திறந்தாளா.

"இருந்திருப்பாக" என்றாள் கனி. "ஒரு வாரம் முந்திக் கூட்டிட்டுப் போயிருந்தாக்கூட இருந்திருப்பாக."

கோமதியக்காவின் கை முழங்கையிலிருந்து நழுவியது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அப்புறம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது ஒன்று; தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பெட்டியின் மேல் விழுந்து கண்ணாடியைக் கையால் அறைந்தாள், நான் கூப்பிட்டிருக்கணுமே, நான் ஆட்டோவைக் கூப்பிட்டிருக்கணுமே என்று அறைந்தாள். பெண்கள் ஓடிவந்து வளைத்துக்கொண்டார்கள். அழுதுட்டா, அழட்டும், தடுக்காதீக, பாரம் இறங்கட்டும் என்று இசக்கியம்மை கட்டின தொண்டையோடு பாட்டை எடுத்துக்கொடுத்தாள். மற்றவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். காலையிலிருந்து அமையாமல் கிடந்த சாவு வீடு இப்போதுதான் அமைந்தது. வாசல் நிலையில் சங்கரமூர்த்தி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான், பெண்டாட்டியைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தான். கூட்டத்துக்கு நடுவே நகர்ந்து வந்த இசக்கியம்மை குனிந்து கனியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"யாராலயும் முடியல பாரு, நீ போயி உக்காந்ததும் அழுதுட்டா. ஒனக்குப் புண்ணியமாப் போகும் தாயி."

தெருவில் கார் ஒன்று வந்து நின்று கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். கனி முந்தானைக்குள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்று வந்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் அதனதன் இடத்தில் வந்தது. இப்போது தப்பும், இதோ இப்போது தப்பும் என்று விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். தப்பவில்லை. கோமதியக்கா கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். கனியின் நெஞ்சு சீராக அடித்துக்கொண்டிருந்தது.